உஷார்! ‘ஹம்’ என்று எழுதியிருந்தால் 24 வோல்ட் என்று அர்த்தமில்லை

டொரான்டோ பக்கம் குளிர் இறங்கியதும் உதடு வெடிக்கும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும், குழந்தைகளுக்கு ராத்திரியில் மூக்கிலிருந்து ரத்தம் வரும். வீட்டுக்குள் காற்று அவ்வளவு வறண்டு கிடக்கிறது. உடனே ஆன்லைனில் ஒரு ஹியூமிடிஃபையரை வாங்குகிறார்கள். அதுவரை சரி. அடுத்து, யூடியூபில் யாரோ செய்ததைப் பார்த்துக்கொண்டே பேஸ்மென்டில் இருக்கும் கேஸ் ஃபர்னஸில் தாங்களே ஒயரைக் கோக்கிறார்கள். பதறிப்போய் இதை எழுதுவது அதற்காகத்தான்.

போன நவம்பரில் பிராம்ப்டனிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான்.

“அண்ணா, புது ஹியூமிடிஃபையர் மாட்டினேன். ரெண்டு நிமிஷத்துல கருகின வாடை. இப்ப ஃபர்னஸும் ஓடல.”

“ஃபர்னஸ் ஸ்விட்சை அணைச்சிட்டு மேல வந்துடு. எதையும் தொடாதே. நான் வர்றேன்.”

போய்க் கீழ்க் கதவைக் கழற்றினால் கன்ட்ரோல் போர்டின் ஒரு மூலை கரிக்கட்டையாக இருந்தது. ஹியூமிடிஃபையரின் தண்ணீர் வால்வைத் திறக்கிற சோலனாய்டு சுருள் உருகிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். போர்டில் ‘ஹம்’ என்று அச்சிட்ட முனையில் ஒரு ஒயரையும், ‘சி’ முனையில் இன்னொரு ஒயரையும் செருகினான். “ஹியூமிடிஃபையர் 24 வோல்ட்தானே அண்ணா, அதுக்குன்னுதானே அந்த முனை இருக்கு?” என்றான்.

அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஃபர்னஸ் போர்டில் இரண்டு உலகங்கள் விரல் அகலத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. தெர்மோஸ்டாட் ஒயர்கள் வந்து சேரும் ஆர், சி, டபிள்யூ, ஒய், ஜி ஸ்க்ரூக்கள் எல்லாம் 24 வோல்ட். பக்கத்திலேயே மூடாமல் துருத்திக்கொண்டு நிற்கும் தட்டையான தகட்டு முனைகள் பெரும்பாலும் 120 வோல்ட். ஏர் கிளீனருக்கான ‘ஈஏசி’ முனை அப்படிப்பட்டது. ‘ஹம்’ முனையோ சில போர்டுகளில் 24, சில போர்டுகளில் 120. எழுத்து ஒன்றுதான், மின்சாரம் வேறு. பிராம்ப்டன் வீட்டில் இருந்தது 120. ஊரில் 230 வோல்ட் பார்த்துப் பழகிய நம்மில் பலருக்கு இது சாதுவான மின்சாரம் என்று ஒரு நினைப்பு உண்டு. ஈரமான பேஸ்மென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்பவரைக் கொல்ல 120 போதும்.

மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இணைத்தேன் என்பவர்களும் ஏமாறுகிறார்கள். ஃபர்னஸ் சூடுபடுத்திக்கொண்டு ஓடும்போதுதான் ‘ஹம்’ முனைக்கு மின்சாரம் வரும். சும்மா நிற்கும்போது மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பி ஒயரைக் கோத்துவிடுவார்கள். கதவின் உள்பக்கம் ஒயரிங் படம் ஒட்டியிருக்கும். எந்த முனை எத்தனை வோல்ட் என்று அதில் இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். 120 என்று இருந்தால் நடுவே 120-ஐ 24 ஆக்கும் தனி ட்ரான்ஸ்ஃபார்மர் வந்தாக வேண்டும். ஈரப்பதத்தை அளந்து ஹியூமிடிஃபையரை இயக்கும் ஹியூமிடிஸ்டாட்டும் தண்ணீர் வால்வும் அதன் 24 வோல்ட் பக்கத்தில்தான் வர வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் 18 கேஜ் மெல்லிய ஒயரில் 120-ஐ விட்டால், 15 ஆம்பியர் பிரேக்கர் விழுவதற்கு முன்னால் சுவருக்குள் ஒயர் ஆபத்தான அளவுக்குச் சூடாகிவிடலாம்.

அந்தத் தனி ட்ரான்ஸ்ஃபார்மரின் ஒயரை ஃபர்னஸின் சொந்த ட்ரான்ஸ்ஃபார்மரோடு கலந்துவிடவும் கூடாது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்துவிட்டால் நடுவில் 48 வோல்ட் நிற்கும், தெர்மோஸ்டாட் செத்துப்போகும். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மூலம் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த நினைப்பவர்கள் இரண்டு மின்சுற்றுகளையும் கலக்காமல் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ரிலே ஒன்றை டெக்னீஷியனிடம் நடுவில் போடச் சொல்லுங்கள்.

போர்டில் ஊதா நிறத்தில் 3 ஆம்பியர் ஃப்யூஸோ, வெளிர்பழுப்பில் 5 ஆம்பியர் ஃப்யூஸோ, காரில் இருப்பது போலவே சின்னதாக இருக்கும். ஒயர்கள் உரசினால் அது போகும், போகத்தான் வேண்டும். மைனஸ் 20 குளிரில் கடை எல்லாம் மூடிய நேரத்தில் அது போனால், கையில் கிடைத்த பெரிய ஃப்யூஸை அழுத்திவிடத் தோன்றும். வேண்டாம். அடுத்து எரியப்போவது ட்ரான்ஸ்ஃபார்மர்.

இனி எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம். கீழ்க் கதவைக் கழற்றினால் ஃபர்னஸ் நின்றுவிடும். கதவு அழுத்திப் பிடிக்கிற ஒரு சின்ன பட்டன் அதற்குக் காரணம். ஒயரிங் வேலை பார்ப்பவர்கள் தொல்லை பொறுக்காமல் அந்தப் பட்டனின் மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் மறந்துபோகிறார்கள். பிறகொரு நாள் ஃபில்டர் மாற்றிவிட்டுக் கதவைச் சரியாகப் பொருத்தாமல் விட்டாலும் ஃபர்னஸ் ஓடும். உள்ளே இருக்கும் ப்ளோயர் பேஸ்மென்ட் காற்றையே இழுக்கத் தொடங்கும். பக்கத்தில் சிம்னி வழியாகப் புகை விடும் பழைய வாட்டர் ஹீட்டர் இருந்தால், அதன் புகை மேலே போகாமல் கீழே இறங்கி, டக்ட் வழியாக நேராகப் படுக்கையறைக்குப் போகும். அதில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் வாடையே வராது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான் தெரியும்.

2008-ல் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக்கில் கேஸ் ஃபயர்ப்ளேஸின் புகைப்பாதை அடைபட்டு ஒரு போலீஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான், 2013-ல், வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கும் ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டம் வந்தது. அந்தக் குடும்பத்துக்கு நடந்தது வேறு காரணத்தால்தான். ஆனால் விஷம் அதேதான்.

வேலையைச் சரியாகச் செய்து முடித்தவர்களும் ஈரப்பதத்தை 45 சதவீதத்தில் நிறுத்திவிட்டு மறந்துவிடாதீர்கள். வெளியே மைனஸ் 18 என்றால் உள்ளே 25 சதவீதம் போதும். மைனஸ் 29-க்கு 15தான். அதற்கு மேல் வைத்தால் ஜன்னலில் வழியும் தண்ணீரைத் துடைத்துவிடலாம், ஆனால் கூரைக்குள் பூக்கும் பூஞ்சணம் வசந்தம் வரும்வரை கண்ணில் படாது. ஹியூமிடிஃபையரிலிருந்து சொட்டும் தண்ணீர் போர்டின் மேலோ, உள்ளே இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேலோ விழுகிறதா என்றும் மாதம் ஒருமுறை பாருங்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்த எக்ஸ்சேஞ்சரை மாற்றுவதற்குப் புது ஃபர்னஸே வாங்கிவிடலாம் என்கிற நிலைதான் பல வீடுகளில்.

பிராம்ப்டன் பையனுக்குப் புது போர்டு வர மூன்று நாளானது. கைக்குழந்தையோடு அக்கா வீட்டில் போய் இருந்தான். ஒன்டாரியோவில் கேஸ் வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பின் சான்று பெற்ற டெக்னீஷியன்தான் வர வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். இருநூறு டாலரை மிச்சம் பிடிக்கப் பார்த்தான்.

இன்று ராத்திரியே கீழே போங்கள். ஃபர்னஸுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் கீழ்க் கதவைக் கழற்றிப் பாருங்கள். அந்தச் சின்ன பட்டனின் மேல் டேப் ஒட்டியிருந்தால், முன்பு வீட்டில் இருந்தவர் ஒட்டியதாகவே இருந்தாலும், உரித்தெடுத்துவிட்டுக் கதவை இறுக்கமாக மாட்டுங்கள். பிறகு மேலே வந்து கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது அலறாவிட்டால், இன்றைக்கே புதிது வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டுத் தூங்குங்கள்.