ஒரு நாள் மட்டுமா?

ஆங்கிலப் பாடத்தில் 'எஃபெமெரல்' என்னும் சொல்லைச் சந்தித்திருப்பீர்கள். அகராதியைப் புரட்டினால் 'நிலையற்ற', 'குறுகிய காலமே நீடிக்கும்' என்று பொருள் போட்டிருக்கும். எவ்வளவு குறுகிய காலம்? ஒரு நொடியா, ஒரு மாதமா? அச்சொல்லின் பிறப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது.

கிரேக்க மொழியில் 'ஹெமெரா' என்றால் நாள். 'எபி' என்பது அதன் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் சிறு சொல். இரண்டும் சேர்ந்து, 'ஒரு நாளுக்கு உரியது' என்னும் பொருளைத் தந்தன. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தபோது, ஒரே நாளில் விட்டுப்போகும் காய்ச்சலைக்கூட மருத்துவர்கள் இச்சொல்லின் இனத்தால்தான் குறித்தார்கள். நாளடைவில் 'ஒரு நாள்' என்னும் கணக்கு மறைந்து, 'நிலையற்றது' என்னும் பொதுப் பொருள் நின்றுவிட்டது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் இப்பெயரை ஒரு பூச்சிக்குச் சூட்டி எழுதியிருக்கிறார். ஆற்றங்கரையில் தோன்றிப் பறந்து, பொழுது சாயும்போது மடியும் பூச்சி அது. 1758இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 'எஃபெமெரா' என்பதையே ஒரு பூச்சிப் பேரினத்தின் பெயராக்கினார். ஆங்கிலத்தில் 'மேஃப்ளை' எனப்படும் பூச்சிகள் இவை. வளர்ந்த பூச்சியால் உண்ண முடியாது. அதன் வாயுறுப்புகள் இயங்குவதில்லை. இணை சேர்ந்து, முட்டையிட்டு, மடிவதே அதன் வேலை. அமெரிக்காவில் உள்ள ஓர் இனத்தின் பெண் பூச்சி, சிறகு விரித்த பின் ஐந்து நிமிடங்கூட வாழ்வதில்லை!

'பாவம், எவ்வளவு சிறிய வாழ்வு!' என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். ஹங்கேரி நாட்டின் டிசா ஆற்றுக்குச் செல்வோம். ஜூன் மாதத்தில் அங்கே பெரிய மேஃப்ளைகள் கூட்டங் கூட்டமாக நீருக்கு மேல் எழும். அதை 'டிசாவின் பூப்பு' என்று அம்மக்கள் அழைக்கிறார்கள். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால், அப்பூச்சிகள் பிறந்தது அன்றல்ல. நீருக்கடியில், களிமண் வளைகளில், செவுள்களால் மூச்சுவிட்டுக்கொண்டு மூன்று ஆண்டுகள் வளர்ந்தவை அவை. ஏறத்தாழ 1,095 நாள் வாழ்ந்த உயிரை, கடைசி நாளில் மட்டும் கண்டு 'ஒருநாள் பூச்சி' என்றுவிட்டோம்!

நம்மூர் ஈசலும் இப்படித்தான். அது மேஃப்ளை அல்ல. சிறகு முளைத்த கறையான். மழைக்குப் பின் பறந்து, அன்றே மடிபவை மிகப் பல. ஆனால் தப்பிப் பிழைத்த ஓர் இணை, சிறகுகளை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் புகுந்து புதுப் புற்றைத் தொடங்கும். அந்த அரசிக் கறையான் பல ஆண்டுகள் வாழும். சிறகு மட்டுமே ஒருநாள் உடைமை.

கண்ணுக்குத் தெரியாத அந்த நீண்ட வாழ்வு கெட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில் உள்ள ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் 1953இல் அது நேர்ந்தது. கழிவுகளால் பாசி பெருகி அழுக, அடிநீரில் ஆக்சிஜன் குறைந்தது. சேற்றில் வாழ்ந்த இளம் பூச்சிகள் மாண்டன. கோடைதோறும் கரையை மூடிய மேஃப்ளைக் கூட்டம் காணாமற் போயிற்று. மாசைக் கட்டுப்படுத்திய பிறகு, 1990களில்தான் அவை பெருமளவில் திரும்பின. ஒருநாள் பூச்சி திரும்பி வர ஏறத்தாழ 40 ஆண்டுகள்! ஓர் ஆற்றின் நீர் தூயதா என்று அறிய விரும்பும் அறிவியலார் இன்றும் அதன் கற்களைப் புரட்டி இவ்விளம் பூச்சிகளைத் தேடுகிறார்கள்.

இச்சொல்லுக்கு 'எஃபெமெரிஸ்' என்று ஓர் உடன்பிறப்பும் உண்டு. சூரியன், சந்திரன், கோள்கள் நாள்தோறும் எங்கே இருக்கும் என்று காட்டும் அட்டவணை அது. கொல்கத்தாவிலிருந்து 'இந்திய வானியல் எஃபெமெரிஸ்' ஆண்டுதோறும் வெளிவருகிறது. வேர் ஒன்றுதான், ஆனால் ஒன்று நாளோடு மறைவதைச் சொல்கிறது, மற்றது நாள்களைக் கோத்துக் காலத்தையே அளக்கிறது.

அடுத்த மழைக்குப் பின் உங்கள் வீட்டு விளக்கடியில் ஈசல் சிறகுகள் உதிர்ந்து கிடந்தால் எண்ணிப் பாருங்கள்: அவற்றுள் எத்தனை சிறகுகள் மடிந்தவற்றினுடையவை? எத்தனை, வாழப் போனவற்றினுடையவை?