மல்லி ஓயும் மாதத்துக் கொடிகள்

மார்கழி பிறந்துவிட்டால் மதுரைப் பூச்சந்தையில் மல்லியைக் கையால் தொட முடியாது. பனியில் மொட்டு சிறுத்துப்போகும். வரத்து குறையக் குறைய விலை கிலோவுக்கு ஆயிரங்களில் ஏறும். மல்லித் தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசியிலேயே செடியைக் கவாத்து செய்துவிட்டு, மாசிக்குப் பிறகு வரப்போகும் பூவுக்காகக் காத்திருப்பார்கள். ரங்கூன் மல்லியும் அந்த நேரத்தில் உம்மென்றுதான் கிடக்கும். வீட்டில் கொடி என்றால் இவை இரண்டும்தான் என்று இருப்பவர்களுக்கு மார்கழியும் தையும் வெறும் பச்சை.

இதற்குக் குளிரின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. சென்னையில் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. நம் சமவெளியில் பனிக்காலத்தைச் செடிக்கு உணர்த்துபவை வேறு: பகல் சுருங்குகிறது, மழை ஓய்ந்து மண் காய்கிறது. ஜூனில் சென்னையின் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம். டிசம்பர் 21 வாக்கில் அது 11 மணி 20 நிமிடமாகிவிடுகிறது. நாம் கவனிக்காத இந்த ஒன்றரை மணி நேரத்தைச் சில கொடிகள் கறாராகக் கணக்கு வைத்திருக்கின்றன. அந்தக் கொடிகளைத் தேர்ந்தெடுத்தால் தை முடியும்வரை வேலியில் நிறம் இருக்கும். ஆனால் மார்கழியில் நர்சரிக்கு ஓடிப் பயனில்லை. வேலை ஆடியில் இருக்கிறது.

முதலில் அவரை. அலங்காரக் கொடிப் பட்டியலில் அவரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஊதாப்பூ பூக்கும் நாட்டு அவரையைப் பந்தலில் ஏற்றிப் பாருங்கள்: இலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் பூங்கொத்து, கருஞ்சிவப்பில் மினுங்கும் காய், தண்டிலும் அதே நிறம். அமெரிக்காவில், ஜெஃபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோ மாளிகைத் தோட்டத்தில் இதைப் பூவுக்காகவே பந்தலில் வளர்த்து வேடிக்கை பார்க்கிறார்கள். நாமோ காயைப் பறித்துப் பொரியல் செய்வதோடு சரி. பந்தல் அவரை குறும்பகல் செடி. சித்திரையில் ஊன்றினாலும் இலையும் கொடியுமாகத் தழைக்குமே தவிரப் பூக்காது. பகல் குறைந்த பிறகுதான் மொட்டு வைக்கும். ஆடிப்பட்டத்தில் ஊன்றினால் கார்த்திகையில் பூ, பொங்கல் குழம்புக்குக் காய். விதை வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் அதிகம் கிடைக்கும் செடி அவரை ரகங்கள் பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதவை. எந்தப் பருவத்திலும் காய்க்கும், ஆனால் பந்தல் ஏறாது. தெருவிளக்கு விடிய விடிய விழும் மதிலோரமும் பந்தல் அவரைக்கு ஆகாது. இருட்டு முறிந்தால் அதன் கணக்கு தவறிப் பூ தள்ளிப்போகும்.

பனி விழத் தொடங்கியதும் பூங்காம்பில் கறுப்பாக அப்பிக்கொள்ளும் அசுவினிதான் இதன் தலைவலி. எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால் அசுவினி வந்துவிட்டதென்று அர்த்தம். விடியற்காலையில் இலை ஈரமாக இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வைத்தியம். சாம்பலுக்கு வழியில்லாத ஃபிளாட்வாசிகள் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம்.

கார்த்திகைப்பூ என்று பெயரிலேயே மாதத்தை வைத்திருக்கும் செங்காந்தள் நம் மாநிலப் பூ. ஆனாலும் அதை வீட்டில் பார்ப்பது அரிது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காக வயல் வயலாக வளர்க்கிறார்கள். ஒரு பூவை அருகில் வைத்துப் பாருங்கள். ஆறு இதழும் பின்னோக்கி மேலே வளைந்து, ஓரம் நெளிந்து நிற்கும். பச்சையில் தொடங்கி மஞ்சளாகி, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகி, சில நாளில் முழுச் சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒன்றாகத் தெரிவது அதனால்தான். சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகி, செங்கோணமாகப் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். காய் பிடிக்க இது இடைஞ்சல் என்பதால் விவசாயிகள் காலை வேளையில் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைத்துப் போகிறார்கள். பற்றிக்கொள்ளத் தனிச் சுருள் கிடையாது. இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடிக்கும். கிழங்கும் விதையும் உயிரைக் குடிக்கும் நஞ்சு, மற்ற பாகங்களும் நல்லதில்லை. தவழும் குழந்தையோ ஆடோ இருக்கும் வீட்டில் இந்த ஆசையை விட்டுவிடுவதே மேல். தை வாக்கில் கொடி மட்கி மண்ணுக்குள் போய்விடும், அதனால் இதை மட்டும் நம்பிப் பந்தல் போடக் கூடாது.

தையில் கோவை, பெங்களூரு, ஏற்காடு பக்கம் மதில் முழுக்க ஆரஞ்சு நிறம் கொட்டிக் கிடந்தால் அது ஃபிளேம் வைன். பிரேசில்காரர். குழல் குழலாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். குழலின் வாய் பின்பக்கம் சுருண்டு, மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஹம்மிங் பறவைகள் தேன் குடித்த இந்தக் குழல்களை இங்கே நம் தேன்சிட்டுகள் எடுத்துக்கொண்டன. முழு வெயில் வேண்டும். இரவில் கொஞ்சம் குளிரும் ஊரில்தான் இதன் முழு அழகு வெளிப்படும். சென்னைக் கடலோரத்தில் அதே கொட்டலை எதிர்பார்க்க வேண்டாம். பெங்களூரு லால்பாகைப் பல ஆண்டுகள் நிர்வகித்த ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி திட்டமிட்டு நகரத்துக்கே மரம் நட்டவர். மரத்துக்கு அவர் போட்ட கணக்கை ஒரு மதில் அளவில் நாமும் போடலாம்: கார்த்திகைக்குச் செங்காந்தள், மார்கழிக்கு அவரை, தைக்கு ஃபிளேம் வைன், மாசியில் ஊதாக் கொத்தாகத் தொங்கும் பெட்ரியா.

கடலோரத்தார் மனம் தளர வேண்டாம், காகிதப்பூ, அதாவது பூகன்வில்லா, இருக்கிறது. நாம் பூ என்று நினைக்கும் வண்ணத்தாள்கள் பூவடிச் செதில்கள். உண்மையான பூ நடுவில் ஒட்டியிருக்கும் மெல்லிய குழல். 1760-களில் பிரெஞ்சுக் கப்பலில் ரியோ டி ஜெனிரோ போன தாவரவியலாளர் கோமர்சோன் இதைச் சேகரித்தார். அவருடைய உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண்தான் கண்டெடுத்தார் என்று சொல்வோரும் உண்டு. பெயர் என்னவோ பயணத் தலைவர் பூகன்விலுக்குப் போய்விட்டது.

காகிதப்பூவை அன்பாக வளர்ப்பவர்கள்தான் அது பூக்கவில்லை என்று புலம்புகிறார்கள். தினமும் தண்ணீர், மாதாமாதம் சாணி உரம் என்று ஊட்டினால் முள்ளும் இலையுமாகவே நீளும். வடகிழக்கு மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகத் துவளும்போது ஒரு குவளை, மறுபடி துவளும்வரை ஒன்றும் கிடையாது. இப்படிச் சில வாரம் காயப்போட்டால் கணுவுக்குக் கணு நிறம் கட்டும். தரையைவிட வேர் நெருக்கப்படும் தொட்டி இதற்கு நல்லது. மொட்டைமாடி வெயில் இன்னும் நல்லது.

பந்தலை ஐப்பசிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மூங்கில் குச்சியும் நைலான் கயிறும் ஒரு புயலுக்குத் தாங்காது. சவுக்குக் கம்பை இரண்டடி ஆழத்தில் ஊன்றி, குறுக்கே ஜி.ஐ. கம்பி இழுத்துக் கட்டுங்கள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில் பலர் கொடிகளையும் மொட்டையடித்துவிடுவார்கள். ஃபிளேம் வைன் அந்த ஆண்டு வளர்ந்த கிளை நுனியில்தான் பூக்கும், அதை அப்போது வெட்டினால் தையில் ஆரஞ்சு இருக்காது. கத்தரியைப் பங்குனிவரை எடுத்து வைத்துவிடுங்கள். பூ முடிந்த கையோடு வெட்டினால் அடுத்த பனிக்காலத்துக்குள் புதுக்கிளை நீண்டுவிடும்.