இருபத்தொராம் வயதுத் திறப்பு

சென்ற ஆவணி மாதத்து ஞாயிறொன்றின் மாலையில், வெள்ளவத்தையில் வசிக்கும் என் தமக்கையார் வீட்டில் ஒரு சிறு வழக்கு விசாரணைக்கு வந்தது. வாதி தாய், பிரதிவாதி மகன். அத்தான் வழக்கம்போலப் பத்திரிகைக்குப் பின்னால் மறைந்திருந்தார். தாய்மாமன் என்ற உரிமையால் நீதிபதியின் ஆசனம் எனக்கு வாய்த்தது. பையனுக்குப் புரட்டாதியில் 21 வயது நிறைகின்றது. அதனை எவ்வாறு கொண்டாடுவது என்பதே வழக்கு.

அக்காவிடம் பட்டியல் ஆயத்தமாயிருந்தது. விருந்து மண்டபம், 120 பேருக்கு இராப்போசனம், மூன்றடுக்குக் கேக், படப்பிடிப்பு. இவற்றுக்கு மேலாகப் பொன்வண்ணம் பூசிய பெரியதொரு மரத்திறப்பு. விருந்தினர் அதிற் கையொப்பமிடத் தந்தையார் அதனை மகனிடம் கொடுப்பாராம். செலவு நான்கு இலட்சம் ரூபா.

“பணம்?” என்றேன்.

அக்காவின் பார்வை தம் கையிலிருந்த இரு காப்புகளின்மேற் சென்று மீண்டது. மகளின் கலியாணத்துக்கென்று வைத்திருப்பவை அவை. அடைவு வைத்த நகை மீளும் என்பதற்கு யார் பொறுப்பு?

“எல்லார் வீட்டு விருந்துக்கும் போய் உண்டு வந்தோம், தம்பி. நம் வீட்டில் ஒன்றுமில்லையென்றால் எந்த முகத்தோடு வெளியே போவது?” என்றார்.

இதனை வீண் பெருமையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உண்ட வீட்டாரை அழைத்து உண்பிப்பது நம் குடும்பங்களிற் பழைய கடன். வாசகர் பலருடைய வீடுகளிலும் இவ்வழக்கு எழுந்திருக்கும்.

ஆயினும் இந்தத் திறப்பு எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. வீட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு வந்து போகும் உரிமை பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அக்காலத்திற் சட்டமும் அதனோடு ஒத்திருந்தது. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பராயமடையும் வயதை 21 என வகுத்தது. பின்னர் வாக்குரிமை வயது 1959இல் 18 ஆயிற்று. பராய வயதும் 1989இல் 18 ஆயிற்று. இங்கிலாந்திலேயே 1970 முதல் 18தான். சட்டம் இறங்கிவிட்டது, திறப்போ ஆண்டுக்காண்டு நீண்டு வருகின்றது. சென்ற ஆண்டு நான் கண்டதொன்று ஆளுயரம் இருந்தது!

நம் முன்னோர் கணக்கு வேறு. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் கூடும் நாளே பிறந்தநாள். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஏறத்தாழ 27 நாளும் எட்டு மணியும் கொண்டு சுற்றிவிடுவதால், சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் இருமுறை வருவதுண்டு. அப்பொழுது பஞ்சாங்கமும் அதனைப் பார்க்கத் தெரிந்த பெரியவரும் வேண்டும். அன்று முழுகிக் கோயிலில் அர்ச்சனை செய்வித்து, வீட்டிற் பாயசம் வைத்தால் முடிந்தது. பெருவிழாவென்று எடுப்பது 60 நிறையும்போதுதான்.

பையனை நோக்கி, “உன் விருப்பம் என்ன?” என்று அப்பொழுதுதான் கேட்டேன். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கின்றேன்.

“நட்சத்திரத்தன்று அம்மம்மாவிடம் போக வேண்டும், மாமா. பஸ் செலவுக்கு என்னிடம் காசு இருக்கிறது” என்றான்.

அவனை ஐந்து வயதுவரை யாழ்ப்பாணத்தில் வைத்து வளர்த்தவர் என் தாயார். இப்பொழுது அவரால் கொழும்புக்குப் பிரயாணம் செய்ய இயலாது. 120 பேர் கொண்ட அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லாததை அக்காவும் நானும் கவனிக்கவில்லை. அக்கா நெடுநேரம் பேசாதிருந்து, பட்டியலை மடித்து வைத்தார்.

“கதவுத் திறப்பைக் கொடுக்கும் நாளை எப்படிக் கழிப்பதென்று நாமே முடிவு செய்தால், அவன் திறப்பதற்கு என்ன இருக்கிறது, அக்கா?” என்றேன்.

அப்பொழுது பத்திரிகை தாழ்ந்தது. அத்தான் எழுந்து, சட்டைப்பையிலிருந்த முன்கதவுத் திறப்பை எடுத்து மகன் கையில் வைத்தார்.

“திரும்பி வரும் பஸ் விடியற்காலை நாலு மணிக்குத்தான் வரும், தம்பி. எங்களை எழுப்பாதே” என்றார்.

அடுத்த ஞாயிறு நெருங்கிய உறவினர் இருபது பேருக்கு வீட்டிலேயே பகலுணவு என்று முடிவாயிற்று. கேக் மட்டும் இரண்டு கிலோவுக்குக் குறையாது என்று அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டார்.