கிரிஃபினுக்கு ஏன் கோபம்?

2015இல் வெளிவந்த ‘தி விட்சர் 3’ வீடியோ கேமில் முதல் பெரிய வேட்டை, ஒயிட் ஆர்ச்சர்ட் என்கிற கிராமத்தில் நடக்கிறது. கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஒரு கிரிஃபின் ஆட்களை அடித்துக் கொல்கிறது. ஊரைப் பிடித்து வைத்திருக்கும் படையின் தளபதி, “அதைக் கொன்றுவிட்டு வா, நீ தேடும் பெண் எங்கே போனாள் என்று சொல்கிறேன்” என்று பேரம் பேசுகிறார். நாயகன் கெரால்ட்டுக்கு இது பிழைப்பு. ஆனாலும் எடுத்த எடுப்பில் வாளை உருவுவதில்லை. உள்ளூர் வேட்டைக்காரரோடு தடம் பார்த்து, கூடு இருந்த இடத்துக்குப் போகிறார். அங்கே பெண் கிரிஃபின் செத்துக் கிடக்கிறது. கொன்றது அதே தளபதியின் வீரர்கள். ஊரைச் சூறையாடுவது துணையை இழந்த ஆண். அதை வரவழைக்க, ஆற்றில் முங்கி, நாற்றமெடுக்கும் ஒரு செடியைப் பறித்து வர வேண்டும். சண்டை அதற்குப் பிறகுதான்.

மாயம் குறைந்த கற்பனை உலகை விளையாட்டுக்காரர்கள் ‘லோ மேஜிக்’ என்பார்கள். மந்திர வாள் கடையில் கிடைக்காது, மந்திரவாதியைப் பார்த்தவர்களே ஊரில் அபூர்வம். அங்கே ஒரு விசித்திர மிருகம் வந்தால் அதற்கு இரை வேண்டும், இடம் வேண்டும், ஊருக்குள் வர ஒரு காரணமும் வேண்டும். ஒயிட் ஆர்ச்சர்டில் இந்த மூன்றும் இருக்கின்றன. காரணம் மனிதர்கள் செய்தது என்பதால் கதை இன்னும் கனக்கிறது.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ எதிர்த் திசையில் போனது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் உருவாக்கிய ஆட்டம் இது. 1977இல் வந்த அதன் ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் 350க்கும் மேற்பட்ட மிருகங்கள். அவற்றில் சில, ஹாங்காங்கில் செய்த மலிவு விலை பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. இரும்பைத் துருவாக்கித் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ அப்படி வந்ததுதான். மாயம் மலிந்த உலகில் அது ஒரு வேடிக்கைப் பிராணி. வாள் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

அதையே ஓர் ஏழைக் கிராமத்தில் விட்டுப் பாருங்கள். முதல் நாள் ஆட்டத்தில் மிருகத்தைக் கண்ணில் காட்டவே கூடாது. ஒருவர் வீட்டுக் கலப்பையில் கொழு காணவில்லை. கிணற்று ராட்டினம் உதிர்ந்து கிடக்கிறது. சந்தைக்குப் போன குதிரை லாடமில்லாமல் நொண்டிக்கொண்டு திரும்புகிறது. பழி கொல்லர்மேல் விழுகிறது. திருடி உருக்கி விற்கிறார் என்று பஞ்சாயத்து கூடுகிறது. அவர் பட்டறைத் தரையில் செம்பொடி கோடாக ஓடுவதை ஆட்டக்காரர் யாராவது கவனித்தால் உண்டு. இல்லாவிட்டால் கொல்லர் ஊரைவிட்டே துரத்தப்படுவார். கடைசியில் மிருகம் எதிரே வரும்போது, கையில் இருக்கும் ஒரே வாளை நீட்டலாமா என்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் யோசிப்பார்கள். அந்த யோசனைதான் எனக்கு முக்கியம். வெறும் தடிக்கம்பால் அடிக்கலாம், பழைய ஆணிகளைக் கொட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போகலாம். சண்டையைவிட இதெல்லாம் சுவாரசியம்.

எண்ணிக்கை கூடினால் பயம் போய்விடும். ‘விட்சர் 3’யிலேயே ஆற்றங்கரைக்கு ஆற்றங்கரை ‘ட்ரௌனர்’ பேய்கள் வருகின்றன. கொஞ்ச நேரத்தில் கொசு அடிப்பது போல அடித்துவிட்டுப் போகிறோம். ஃபுமிட்டோ உவேதா 2005இல் தந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ இந்தத் தவறைச் செய்யவில்லை. பரந்த வெற்று நிலத்தில் பதினாறே ராட்சத உருவங்கள். இடையில் சில்லறை எதிரிகள் கிடையாது. குதிரையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை வீழ்த்தியதும் வெற்றி முழக்கம் இல்லை, சோக இசைதான்.

அவரே 2016இல் ‘தி லாஸ்ட் கார்டியன்’ கேமில் ட்ரிக்கோவைக் கொண்டுவந்தார். நாய், பூனை, பறவை மூன்றும் கலந்த பெரிய உருவம். பீப்பாய் பீப்பாயாகத் தின்னும். கண் வரைந்த வண்ணக் கண்ணாடியைப் பார்த்தால் மிரண்டு நின்றுவிடும். கூட இருக்கும் சிறுவன்தான் அதை அகற்ற வேண்டும். சொன்ன உடனே கேட்காது, வேறெங்கோ பார்க்கும். பல ஆட்டக்காரர்களுக்கு இது எரிச்சல். அந்தப் பிடிவாதத்தை எடுத்துவிட்டால் ட்ரிக்கோ சிறகு முளைத்த வாகனம், அவ்வளவுதான்.