புற்று பரவும் வழி

இந்நோய்க்குக் கிரேக்கர் நண்டின் பெயரை இட்டனர். கட்டியைச் சுற்றிப் புடைத்த நாளங்கள் நண்டின் கால்களாக அவர்களுக்குத் தோன்றினவாம். நமது ‘புற்று’ என்னும் சொல்லோ கறையானை நினைவூட்டுகிறது. மேலே தெரிவது மண்மேடு. கறையான் செல்லும் வழிகள் தரைக்கு அடியில். என் கருத்தில் நம் சொல்லே பொருத்தமானது. மார்பகப் புற்றுநோயில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் கட்டியை விட்டுப் புறப்பட்டுப் போன உயிரணுக்களே.

பால் நாளத்தின் உட்சுவரில் உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. பற்றவைப்பது ஈ-கேடரின் என்னும் புரதம். நாளத்தைச் சுற்றி அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய வேலி உண்டு. புற்று இவ்வேலிக்குள் இருக்கும்போதே அகற்றப்பட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கின்றனர். வேலியைத் தாண்டும் அணுக்கள் தம் பிடிப்பைத் தளர்த்தி, கால்போன்ற முனைகளை நீட்டி, புரதத்தைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து சவ்வை அரிக்கின்றன. கறையான் மரத்தைச் செரிப்பதும் நொதிகளால்தான்! பல அணுக்கள் கூட்டமாகவே நகர்கின்றன. பால் சுரக்கும் நுண்மடல்களில் தோன்றும் வகையோ ஈ-கேடரினை இழந்து, எறும்புச் சாரிபோல் ஒற்றை வரிசையில் ஊர்வது. ஆதலால் அது கைக்குக் கட்டியாகத் தட்டுப்படாமலும் போகலாம்.

அடுத்து, நிணநீர் வழியே அக்குள் கணுக்களையும், இரத்தத்தின் வழியே எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றையும் இவ்வணுக்கள் அடைகின்றன. வழியில் மடிபவையே மிகுதி. 1889இல் இலண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்தார். கல்லீரலில் பரவியிருந்தோர் 241 பேர். மண்ணீரலில் 17 பேரே. இரத்தம் இரண்டிற்கும்தானே பாய்கிறது? விதை எங்கும் விழும், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட விடை. எலும்பு அத்தகைய நிலம். அங்குக் குடியேறிய அணு, எலும்பைக் கரைக்கும் இயல்பான அணுக்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது, அதனுள் சேமித்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்பட்டுப் புற்றுக்கே உரமாகின்றன.

“வலிக்கவில்லையே, பிறகு பார்க்கலாம்” என்று நம் தோட்டத்துப் பெண்கள் சொல்வதுண்டு. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை மார்பகப் புற்று கண்டறியப்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் நிலைகளில் இருந்தனர். பினாங்கிலோ 1976 முதல் மவுண்ட் மிரியம் மருத்துவமனை இந்நோய்க்கென்றே இயங்கி வருகிறது. வேலிக்குள் அடங்கிய புற்று, கைக்குத் தட்டுப்படுமுன்பே, மேமோகிராம் படத்தில் வெண்மையான சுண்ணாம்புத் துகள்களாகத் தெரிவதுண்டு.