ஒரே ஆள் எத்தனை முறை பாடிப் போகலாம்?

பொங்கல் முடிந்த கையோடு புதுக்கோட்டை மாவட்டத்தில் ஜல்லிக்கட்டுத் தட்டிகளுக்குப் பக்கத்திலேயே கபடிப் போட்டித் தட்டிகளும் முளைத்துவிடும். ‘65 கிலோ பிரிவு’, நுழைவுக் கட்டணம், சுழற்கோப்பை, உபயம் இன்னார் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்மண் மைதானங்களில் மாலையில் தொடங்கும் ஆட்டம் விடிய விடிய நடக்கும். தோற்ற அணி வெளியே போய்விடும் என்பதால், இறுதிக்கு வருகிற அணி அந்த ஓர் இரவில் நாலைந்து ஆட்டம் ஆடி முடித்திருக்கும். பாடிப் போக ஒருவரையே நம்பியிருக்கும் அணியின் வண்டவாளம் அதிகாலை மூன்று மணிக்குத் தெரியும். நடுக்கோட்டைத் தாண்டும்போது அவரிடம் வேகம் இருக்கும்; பிடிபட்ட காலை உதறிக்கொண்டு கோட்டுக்குப் பாயும் அந்தக் கடைசி இழுப்பு மட்டும் இருக்காது.

அந்த இழுப்புக்குச் செலவாகும் எரிபொருளின் பெயர் கிரியேட்டின் பாஸ்பேட். மூச்சிலிருந்து ஆக்சிஜன் வந்து சேரும்வரை காத்திராமல் தசை உடனே எடுத்துச் செலவழிக்கும் கையிருப்பு அது. முழுவேகப் பாய்ச்சலில் சுமார் பத்து வினாடிக்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். ஓய்ந்து நின்றால் ஒரு நிமிடத்துக்குள் பாதியளவு மீளும். ஏறத்தாழ முழுதாக மீள மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். இனி ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 40 நிமிடம், பாடிப் போகும் ஒரு ரைடுக்கு 30 வினாடி, இரு அணியும் மாறி மாறிப் போக வேண்டும். எல்லா ரைடும் முழு நேரத்தை எடுத்தால் ஓர் அணிக்குக் கிடைப்பது 40. அதில் பாதிக்கு ஒருவரே போனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை போகிறார். கையிருப்பு நிரம்புவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் அவர் உட்கார்ந்திருப்பதும் இல்லை; கைகோத்து நின்று எதிரணி ஆளைப் பிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, பாடும்போது மூச்சை விட்டுக்கொண்டே இருக்கலாம், இழுக்கக் கூடாது.

புரோ கபடி லீக் வந்த பிறகு இந்தச் சுமைக்கு எழுத்துக் கணக்கு கிடைத்தது. 2014இல் நடந்த முதல் பருவத்தில் முதலிடம் பிடித்த அனூப் குமார் 16 ஆட்டங்களில் 155 ரைடு புள்ளிகள் எடுத்தார். 2017இல் பாட்னாவின் பர்தீப் நர்வால் 26 ஆட்டங்களில் எடுத்தது 369. ஆட்டங்கள் கூடியது ஒரு காரணம் என்றாலும், ஆட்டத்துக்குப் பத்துக்கும் குறைவாக இருந்தது பதினான்கைத் தாண்டிவிட்டது. பாட்னா அப்போது தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை வாங்கியது. ஒரு நட்சத்திர ரைடரைப் பிடித்தால் போதும் என்று மற்ற அணிகள் பணத்தைக் கொட்டியதில் வியப்பில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் இதே கதை முன்பே நடந்து முடிந்திருக்கிறது. அங்கே பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கும்பலுக்குள் புகுந்து ஓடுபவர் ‘ரன்னிங் பேக்’. 1961இல் ஜிம் பிரவுன் 14 ஆட்டங்களில் 305 முறை ஓடினார். 1978இல் பருவம் 16 ஆட்டமானது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், 2006இல் லாரி ஜான்சன் 416 முறை ஓடினார். இன்றுவரை அதுவே சாதனை. மறு ஆண்டு எட்டு ஆட்டங்களிலேயே காலில் அடிபட்டு உட்கார்ந்தார். 1998இல் 410 முறை ஓடிய ஜமால் ஆண்டர்சனுக்கு அடுத்த பருவத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் போனது. ஒரு பருவத்தில் 370ஐத் தாண்டியவன் மறு ஆண்டு விழுவான் என்று அங்கே ஒரு நம்பிக்கையே கிளம்பிவிட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 370 முறை ஓடியவர் யார்? அந்த ஆண்டு முழுக்க அடிபடாமல் தப்பியவர். அடிபட்டவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டதால் அந்தப் பட்டியலுக்குள் வரவே இல்லை. அதிர்ஷ்டம் உச்சத்தில் இருந்த ஆண்டை எடுத்துக்கொண்டு மறு ஆண்டோடு ஒப்பிட்டால், எல்லோரும் சரிந்ததுபோலத்தான் தெரியும். புள்ளியியலார் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். டெரிக் ஹென்றி 2020இல் 378 முறை ஓடி, 2021இல் எட்டாவது ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்து உட்கார்ந்தார்; நம்பிக்கைக்காரர்கள் தலையாட்டினார்கள். அவரோ முப்பது வயதில், 2024இல், 1,921 கெஜம் ஓடிக் காட்டினார்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2022இல் தமிழ் தலைவாஸ் அணி அன்றைய சாதனைத் தொகையான 2.26 கோடி ரூபாய்க்குப் பவன் செராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவமே அவருக்கு முடிந்தது. அடிபட்டது பாடிப் போனபோது அல்ல, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போனபோது. எத்தனை ரைடு என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களால் அதைத் தடுத்திருக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டுதான் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. புதுமுகம் நரேந்தர் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார்.

அடுத்த பருவத்தில் பவனை 2.605 கோடிக்கு வாங்கிய தெலுங்கு டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று கடைசி இடத்தில் நின்றது. கோப்பையை வாங்கியது புனேரி பல்டன். அங்கே அஸ்லம் இனாம்தார், மோகித் கோயத், பங்கஜ் மோகிதே எனச் சுமையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் பிடிபட்டால் இன்னொருவர் கையிருப்பு நிரம்பியவராகக் கோட்டருகே நிற்பார். அமெரிக்காவிலும் பெரும்பாலான அணிகள் இரண்டு, மூன்று பேரை மாற்றி மாற்றி ஓடவிடும் நிலைக்கு வந்துவிட்டன. 2006க்குப் பிறகு ஒருவர்கூட 400ஐத் தொடவில்லை. வீரர்மேல் இரக்கப்பட்டு யாரும் இதைச் செய்யவில்லை. பந்தை எறிந்து ஆடுவதில் லாபம் கூடியது, களைக்காத காலுக்கு மவுசு கூடியது, அவ்வளவுதான்.

நம் ஊர் விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அரையிறுதி முடிந்ததும் அதே அணியை உடனே இறுதிக்கு அழைக்காதீர்கள். நடுவில் அரை மணி நேரம் பரிசு வழங்கலையோ பாராட்டுரையையோ வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் யாராவது பேசத்தானே போகிறார்கள்.