கணக்கறிந்த காரியதரிசியும் மனமறியும் பயிற்சியும்

நம் சங்கங்களின் காரியதரிசிகளிற் பலர் கணக்கிலும் விதியிலும் தேர்ந்தவர்கள். நூல் வழங்கியது, துணி வாங்கியது, கூலி கொடுத்தது ஆகிய யாவற்றையும் முறைப்படி எழுதி வைப்பவர்கள். ஆயினும், அங்கத்தினரிடம் அனுதாபத்துடன் பழகுமாறு பயிற்சி வகுப்பிற் கூறினால், அதை எங்கே தொடங்குவது என்று திகைக்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. போதிக்கும் முறையிலேயே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலும் இச்சிக்கல் எழுந்தது. இயந்திரத்தை நன்கறிந்த ஆலை மேற்பார்வையாளர் பலருக்கு ஆட்களை நடத்தும் வகை தெரியவில்லை. 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசாங்கம் நடத்திய 'தொழிலகத்துள் பயிற்சி'த் திட்டத்தார், அவர்களுக்குப் பழகிய வழியையே கைக்கொண்டனர். விவரம் சேகரித்தல், சீர்தூக்கி முடிவு செய்தல், நடவடிக்கை எடுத்தல், பலனைச் சரிபார்த்தல் என்னும் நான்கு படிகளைச் சிறு அட்டையில் அச்சிட்டு அளித்தனர். இரண்டு மணி நேர வகுப்புகள் ஐந்து. ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்த ஒரு சிக்கலைக் கொணர்ந்து அப்படிகளின்வழி ஆராய வேண்டும்.

முதற்படியே முக்கியமானது. பதிவேட்டையும், விதியையும் வழக்கத்தையும் பார்த்தபின், சம்பந்தப்பட்டவரிடம் பேசி அவருடைய எண்ணத்தையும் உணர்ச்சியையும் அறிய வேண்டும். அதாவது, மனத்தாங்கலும் ஒரு விவரமே.

நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில், நெசவாளர் ஒருவர் மழைக்காலத்தில் மும்முறை தவணை தவறிச் சேலை கொடுத்தார். தீர்மானப்படி கூலியிற் பிடித்தம் செய்யப்பட்டது. ஏட்டிற் பிழை காணாமையால் நாமும் கையெழுத்திட்டோம். அவரோ சங்கத்தை விட்டுத் தனியார் ஒருவரின் தறிக்கூடத்திற்குப் போய்விட்டார். பின்னர் அவர் வீட்டிற்குச் சென்றபோது, தறிக்குழியில் மழைநீர் இன்னும் வற்றவில்லை. பாவுக்குப் பசையிட்டு உலர்த்தவும் தெருவில் வெயில் இல்லாதிருந்ததாம். ஒரு நடை சென்று கேட்டிருந்தால், பிடித்தத்திற்குப் பதிலாகத் தவணையை நீட்டியிருக்கலாம். முப்பதாண்டு அங்கத்தினர் ஒருவரைச் சங்கம் இழந்திராது.

ஆதலின், பயிற்சி நடத்துவோர் காரியதரிசியின் முறைப்பற்றைக் குறையாகக் கருதாமல், அதையே கருவியாகக் கொள்க. பிடித்த ஏட்டில் 'நேரிற் கேட்டறிந்தது' என்று ஒரு கலம் சேர்ப்போம். அது நிரம்பாத பிடித்தம் செல்லாதென நிர்வாகக் குழு தீர்மானிக்கட்டும். நாற்காலியில் அமர்ந்தபடியே அக்கலத்தை நிரப்பினால் பயனில்லை என்பதை நம்மைப் போன்ற தணிக்கையாளரும் நினைவிற் கொள்வோமாக. அங்கத்தினர்களும் குறையை மனத்தில் வைத்துப் புழுங்காமல், வாய்விட்டுக் கூற வேண்டும்.